ஆழம் தெரியாமல் வண்டியை விடாதீர்

ஐப்பசியும் கார்த்திகையும் வணிகர்களாகிய நமக்கு வேலை மிகுந்த மாதங்கள். தீபாவளிச் சரக்கு, கார்த்திகை தீபத்துக்குப் பொரியும் வெல்லமும், அதைத் தொடர்ந்து பொங்கலுக்கான கொள்முதல் என்று மண்டிக்கும் கடைக்குமாக வண்டி ஓயாமல் ஓடும் காலம் இது. இதே காலத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆக, நம் வண்டிகள் அதிகம் ஓடுவதும் சாலைகளில் தண்ணீர் அதிகம் நிற்பதும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன.

மழை வரும் என்றதும் கடை வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம். குடோனில் பலகை போட்டு மூட்டைகளை உயர்த்துகிறோம். ஆனால் சரக்கு ஏற்றிய வண்டியைத் தேங்கிய தண்ணீரில் விடும்போது மட்டும் அந்த முன்யோசனை நமக்கு இருப்பதில்லை. "முழங்கால் தண்ணீர்தானே, போய்விடலாம்" என்று விட்டுவிடுகிறோம். அந்த முழங்கால் தண்ணீர் வண்டியையும் சரக்கையும் சில வேளைகளில் ஆளையும் என்ன செய்யும் என்பதை உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதனை எழுதுகிறோம்.

ஒரு மணி நேரமும் 17 நாளும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையிலேயே நடந்தது இது. மண்டியிலிருந்து சர்க்கரையும் ரவையும் ஏற்றிக்கொண்டு மினி வேன் வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து விடாத மழை. வழியில் இருந்து ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணாச்சி, பாலத்தடியில தண்ணி நிக்குது. சுத்திப் போனா ஒரு மணி நேரம் ஆகும். என்ன செய்யட்டும்?"

"மத்த வண்டியெல்லாம் போகுதுல்ல? பார்த்து வந்துரு தம்பி. கடையில ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

சொன்னது நாங்கள்தாம். முதலாளி சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? தண்ணீரில் இறக்கினார். பாதி தூரம் போனபோது எதிரே ஒரு பேருந்து வேகமாக வந்தது. அது எழுப்பிய அலை வேனின் முகப்பில் மோதியதும் எஞ்சின் நின்றுவிட்டது. அவர் பதறிப்போய் நான்கைந்து முறை செல்ஃப் அடித்திருக்கிறார். கடைசி முறை 'டொக்' என்று ஒரு சத்தம். அதன்பின் எஞ்சின் அசையவில்லை. இறங்கி நடந்து வரும்போது ஒரு கால் மூடியில்லாத வடிகால் குழிக்குள் போய்விட்டது. ஓரத்தில் நின்ற டீக்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடிவரிசைச் சர்க்கரை மூட்டைகள் கரைந்து இளைத்துவிட்டன. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் 17 நாள் வண்டி ஓடவில்லை. செலவைவிட எங்களை உறுத்தியது வேறு. அந்தத் தம்பி நம்மிடம் கேட்டார். நாம்தான் அவரைத் தண்ணீருக்குள் அனுப்பினோம்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

எஞ்சின் ஓடுவதற்குக் காற்றை உள்ளிழுக்கிறது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது அந்தக் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கிவிடும். காற்று நெருங்கிக்கொடுக்கும், தண்ணீர் நெருங்காது. தொல்லை இதில்தான் இருக்கிறது.

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 500 சி.சி. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே மிஞ்சும் இடம் சுமார் 25 சி.சி. மட்டுமே. நம் வீட்டுத் தேக்கரண்டியால் அளந்தால் ஐந்து கரண்டி. அதற்குமேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே போக இடமில்லை. கீழிருந்து தள்ளுகிற விசைக்கு எங்காவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது முறிகிறது. எஞ்சின் முழுவதும் மூழ்க வேண்டும் என்பதில்லை. காற்று இழுக்கும் குழாயின் வாயில் ஓர் அலை அடித்தாலே போதும்.

ஆகவே ஒன்றை எல்லா ஓட்டுநர்களும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தள்ளியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து வண்டியை மேட்டுக்குத் தள்ள வேண்டும். மெக்கானிக் வந்து உள்ளே புகுந்த நீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் பார்த்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். முதலில் நின்றபோதே விட்டிருந்தால் பெரும்பாலும் சிறு செலவோடு போகும். மறுபடி அடிக்கும் செல்ஃப்தான் பல வண்டிகளில் எஞ்சினைக் கெடுக்கிறது.

எஞ்சின் நிற்காமல் கரையேறிவிட்டாலும் சேதம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஓடிச் சூடான பின்பக்க ஆக்சில் பெட்டியும் கியர் பாக்ஸும் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கின்றன. உள்ளே உள்ள காற்று சுருங்கும்போது, காற்றுப் போக்கியின் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. எண்ணெய் மோர் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். சக்கர பேரிங்குகளின் கிரீஸும் கரைந்து போகும். இவை அன்றைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துச் சத்தம் கொடுக்கும்.

பேட்டரி வண்டிக்குத் தண்ணீர் பயமில்லை என்று சிலர் கருதுகிறார்கள். அதற்கு எஞ்சின் இல்லை என்பது உண்மை. ஆனால் பேட்டரியும் மின் இணைப்புகளும் தண்ணீரில் நின்றிருந்தால், காட்டிச் சரிபார்க்காமல் சார்ஜ் போடுவது ஆபத்து.

தண்ணீருக்கு அடியில்

தேங்கிய தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாகத் தெரியும். அடியில் சாலை அப்படி இருப்பதில்லை. நேற்று குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் இருக்கலாம். தண்ணீர் வடியட்டும் என்று யாரோ மூடியைத் தூக்கி வைத்த சாக்கடைக் குழி இருக்கலாம். தினமும் போகிற பாதைதானே என்ற தைரியம் இங்கே உதவாது.

மூன்று சக்கர வண்டிக்கு முன்சக்கரம் ஒன்றுதான். அது குழியில் இறங்கினால் வண்டி கவிழ்ந்துவிடும். மொபெட்டின் இருபுறமும் எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் கட்டிக்கொண்டு போகும் நம் சிறு வணிகர்களின் நிலை இன்னும் மோசம். கால் ஊன்றலாம் என்று நினைத்த இடத்தில் தரையே இருக்காது.

மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடப்பதும் உண்டு. மின்கம்பமோ கம்பியோ சாய்ந்திருப்பது கண்ணில் பட்டால் அந்தத் தண்ணீருக்குள் வண்டியையும் விடக்கூடாது, காலையும் வைக்கக்கூடாது. உடனே மின்வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும். மின்னகத்தின் எண் 94987 94987. இதைக் கடைச் சுவரிலும் வண்டியிலும் எழுதி வைப்பது நல்லது.

சுரங்கப்பாதை தனி ஆபத்து

சாலையில் தேங்கும் தண்ணீரில் மிகக் கொடியது ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்குவது. சுற்றுப்புறத் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து சேரும். சரிவாக இறங்குவதால், நுழையும்போது டயர் நனையும் அளவே இருப்பது நடுவில் ஆள் மூழ்கும் அளவாக இருக்கும். பின்னால் வண்டி வந்து நின்றுவிட்டால் திரும்பவும் முடியாது.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநீரில் சிக்கிய காரில் இருந்த இருவரில் ஒருவர் உயிரிழந்தார். 2023 மே 21 அன்று பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி இளம்பெண் ஒருவர் இறந்தார். இரண்டு இடங்களுமே ஆறு அல்ல, ஏரி அல்ல. மக்கள் அன்றாடம் போய்வரும் பாதைகள்.

கதவைத் திறந்து இறங்கிவிடலாமே என்று கேட்கலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின்மேல் வெளியே 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது கதவை அழுத்தும் விசை ஏறக்குறைய 180 கிலோ எடைக்குச் சமம். உட்கார்ந்த நிலையில் இருக்கும் ஒருவர் அதைத் தள்ளித் திறப்பது எளிதல்ல. ஆகவே வண்டி நின்று தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்த அந்த நிமிடமே கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சரக்கைக் காக்க வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தரைப்பாலங்களில் நிற்பதுபோல் தெரியும் தண்ணீர் பல இடங்களில் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும். "லோடு இருக்கிறது, வண்டி அசையாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடையே 1000 கிலோ. அத்தகைய பல கன மீட்டர்கள் பக்கவாட்டில் வந்து தள்ளும்போது நம் 15 மூட்டை ஒரு கணக்கே அல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, சாலையோரம் நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களுமே இழுத்துச் செல்லப்பட்டதை நாம் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. இப்படிப் பெய்யும் மழையில் பழைய அனுபவத்தை வைத்து ஆழத்தைக் கணிக்க முடியாது.

கரையேறிய பின் பிரேக்

தண்ணீரைக் கடந்ததும் ஓட்டுநர் நிம்மதியாக வேகம் எடுப்பார். அப்போது பிரேக் நனைந்திருக்கும். டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் உள்ளே புகுந்த நீர் வெளியேறக் கொஞ்ச நேரமாகும். லோடு வண்டி வழக்கமாக நிற்கும் தூரத்தில் நிற்காது. எனவே தண்ணீரை விட்டு வெளியே வந்ததும், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாகச் சிலமுறை மிதிக்க வேண்டும். அந்தச் சூட்டில் லைனிங் உலர்ந்து பிடிப்பு திரும்பும்.

நெடுஞ்சாலையில் அரை அங்குலத் தண்ணீரும் ஆபத்துதான். வேகமாகப் போகும்போது டயர் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அப்போது பயன்படாது. டயரின் பள்ளங்கள்தாம் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பள்ளத்துக்குள் ஆங்காங்கே இருக்கும் சிறு மேடுகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மழைக்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

சரக்கின் கதி

உப்பும் சர்க்கரையும் வெல்லமும் கரையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரிசி, பருப்பு, மாவு மூட்டைகளில் நடப்பது வேறு. அடிச்சாக்கு நனைந்தால் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் ஈரம் மேலே ஏறும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். நடுவில் கட்டி பிடித்திருக்கும். நிலக்கடலையும் தானியமும் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் நச்சாகிவிடும். காயவைத்தாலும் அந்த நச்சு போகாது.

தெருவில் தேங்கும் நீர் வெறும் மழைநீர் அல்ல. சாக்கடையும் கழிவுநீரும் கலந்தது. அது பட்ட உணவுப் பொருளைக் காயவைத்தோ நல்லதோடு கலந்தோ விற்கக் கூடாது. பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தைவிடப் பெரியது வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கை. நனைந்ததை ஒதுக்கிக் கணக்கெழுதி அழித்துவிடுவதே முறை.

அப்படி அழித்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி. வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். ஆக, சரக்கின் விலையோடு வரியும் நம் தலையில் விழுகிறது. நஷ்டத்தைக் கணக்கிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே?

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் வெள்ளத்தில் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஒரு காசும் வராது. முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களுக்கு வெள்ளச் சேதம் பாலிசியில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த பழுது, வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல என்று கம்பெனிகள் மறுப்பது வழக்கம். எஞ்சினுக்கெனத் தனிப் பாதுகாப்பு நம் வகை வண்டிக்குக் கிடைக்குமா என்று புதுப்பிக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டியின் பாலிசி வண்டியில் உள்ள சரக்குக்குப் பொருந்தாது. சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். தரைவழிச் சரக்குக்கும் மரைன் இன்ஷூரன்ஸ் என்ற பெயரிலேயே பாலிசி தருகிறார்கள். அதிலும் எல்லா வகையும் தண்ணீர்ச் சேதத்தை ஏற்காது. படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். சேதம் நேர்ந்துவிட்டால் வண்டியை நகர்த்துமுன் படம் எடுத்து, அன்றே கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பக்கத்துக் கடையையும் நினைப்போம்

இன்னொன்றையும் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிற்கும் கடைத்தெருவில் ஒரு லாரி வேகமாகப் போனால், அது தள்ளும் அலை இருபுறக் கடைகளின் படியைத் தாண்டி உள்ளே புகுகிறது. மழை நனைக்காத சரக்கை அந்த அலை நனைத்துவிடுகிறது. இப்படி நம் கடையில் நேர்ந்தால் ஓட்டுநரைத் திட்டுகிறோம். நம் லோடு வரும்போது அதே வேகத்தில் வரச் சொல்கிறோம். கடைத்தெருவில் தண்ணீர் நிற்கும்போது வண்டியை நடக்கும் வேகத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்று நம் வண்டிகளுக்கு நாமே கட்டுப்பாடு விதித்துக்கொள்வோம்.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

1. மழை எச்சரிக்கை உள்ள நாளில் இரண்டு நாளுக்கான சரக்கை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். மழை நடுவே அவசர லோடு வேண்டாம்.

2. மண்டிக்குப் போகும் வழியில் எங்கெங்கே தண்ணீர் தேங்கும், மாற்று வழி எது என்று ஓட்டுநருடன் உட்கார்ந்து முன்பே முடிவு செய்யுங்கள்.

3. சரக்குக்கு அடியிலும் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பலகை போட்டு அடுக்குங்கள். உப்பு, சர்க்கரை, மாவு ஆகியவை மேல்வரிசையில் இருக்கட்டும்.

4. தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் வண்டியை இறக்க வேண்டாம். சக்கரத்தின் நடு அச்சைத் தொடும் ஆழம் என்றால் கண்டிப்பாகத் திரும்ப வேண்டும். 12 அங்குல ரிம் போட்ட மினி வேனில் அந்த அச்சு தரையிலிருந்து ஓர் அடிகூட இல்லை; லோடு ஏற்றினால் வண்டியின் உடல் இன்னும் தாழும்.

5. ஆழம் குறைவு என்று உறுதியாகத் தெரிந்து கடக்க வேண்டியிருந்தால், முதல் கியரில், ஒரே சீரான ஆக்சிலரேட்டரில், மெதுவாகப் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றவோ நிறுத்தவோ கூடாது. எதிரே பெரிய வண்டி வந்தால் அது போன பின் இறங்கலாம்.

6. வண்டியைத் தள்ளச் சாக்கடை கலந்த நீரில் இறங்கியவர்கள் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். காலில் புண் இருந்தாலோ அடுத்த சில நாள்களில் காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம், தண்ணீரில் நின்றதைச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் அவ்வழியாகத்தான் பரவுகிறது.

7. இ-வே பில் காலாவதியாகிறதே என்று ஓட்டுநரை விரட்ட வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. இயற்கைச் சீற்றத்தால் தாமதமானால், காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ அதை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது.

8. மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த எண்களை எல்லா ஓட்டுநர்களிடமும் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். நம் வண்டிகளை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நம் பேச்சைத் தட்டாத பிள்ளைகள். "எப்படியாவது வந்து சேர்" என்று நாம் கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி அவர்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள். வண்டிக்குப் பழுது பார்க்கலாம், சரக்கை மறுபடி வாங்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும். இந்த மழைக்காலத்தில் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்துத் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னால், உறுப்பினர்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: "திரும்பி வா தம்பி, சரக்கு நாளைக்கு வரட்டும்." எங்கள் கடையில் இப்போது அதைத்தான் சொல்லி வருகிறோம். ஒரு வாடிக்கையாளரும் இதற்காக எங்களை விட்டுப் போகவில்லை.